சமச்செலவுப் பல்வழியில் பழுதறியும் முறை

தொலைவிலுள்ள இரு நகரங்களுக்கிடையே கணிப்பொறிச் செய்திகள் செல்வதற்கு ஒரே வழியை அமைத்து, அதனையே நம்பியிருத்தல் தக்கதன்று. அவ்வழி அறுபட்டால் தொடர்பு முழுவதும் நின்றுவிடும். ஆகவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழிகள் அமைக்கப்படுகின்றன. அவை ஒரே செலவுடையனவாக இருப்பின், ஒன்றைப் பயன்படுத்தி மற்றொன்றை வாளா வைத்திராமல், எல்லாவற்றையும் ஒருங்கே பயன்படுத்தலாம். இதுவே சமச்செலவுப் பல்வழி முறை எனப்படும். வலையமைப்புத் துறையினர் இதனை ஈ.சி.எம்.பி. என்று சுருக்கமாகக் கூறுவர்.

இம்முறையின் நன்மைகள் வெளிப்படை. ஆயின் இதில் தோன்றும் பழுதுகள் ஒருவழி வலையமைப்பின் பழுதுகளினின்றும் வேறுபட்ட இயல்புடையவை. ஒரே வழி உள்ள இடத்தில் அது கெட்டால் அனைவரும் முறையிடுவர்; பழுது உடனே தெரியவரும். இரு வழிகளுள் ஒன்று கெட்டால், ஒரு சாரார் முறையிடுவர்; மற்றொரு சாரார் குறை ஏதுமில்லை என்பர். சோதிக்க வந்த களப்பணியாளரின் சோதனைச் செய்தி நல்ல வழியிற் சென்றுவிட்டால், "பழுது இல்லை" என்று பதிவு செய்துவிட்டு அவர் திரும்பிவிடக்கூடும். உண்மையிற் பழுது இருந்தும் இல்லையென்று எழுதப்படுவதே இம்முறையின் பெருந்தீங்கு. அது நேராவண்ணம் பழுதை எந்த வரிசையில் தேடவேண்டும் என்பது இங்கு விளக்கப்படுகிறது.

இணைப்புநிலை முறையின் அடிப்படை

ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலுள்ள ரூட்டர்கள் தமக்குள் வழிகளைக் கண்டறிவதற்குப் பயன்படும் நெறிமுறைகளுள் ஓ.எஸ்.பி.எஃப். என்பது மிகவும் பரவலானது. இதன் முதற் பதிப்பு 1989-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று வழக்கிலுள்ள இரண்டாம் பதிப்பின் விதிகள் 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 2328 என்னும் ஆவணத்தில் வகுக்கப்பட்டுள்ளன. அதனை எழுதியவர் ஜான் மாய் என்பவர். புதிய வகை முகவரிகளாகிய ஐ.பி. ஆறாம் பதிப்பிற்கென ஓ.எஸ்.பி.எஃப். மூன்றாம் பதிப்பும் உள்ளது.

இந்நெறிமுறையில் ஒவ்வொரு ரூட்டரும் தன்னோடு இணைந்த இணைப்புகள் எவை, அவற்றின் செலவு யாது என்பவற்றை ஓர் அறிக்கையாக எழுதி ஏனைய ரூட்டர்கள் அனைத்திற்கும் பரப்புகிறது. இதனை நிலையறிக்கை எனலாம். எல்லா நிலையறிக்கைகளும் சேர்ந்த தொகுப்பு இணைப்புநிலைப் பதிவேடு ஆகும். ஒரே ஏரியாவிலுள்ள எல்லா ரூட்டர்களிடமும் இப்பதிவேடு ஒரே படியாக இருத்தல் வேண்டும். பதிவேட்டைக் கொண்டு ஒவ்வொரு ரூட்டரும், தன்னிடமிருந்து ஏனைய இடங்களுக்குச் செல்லும் மிகக் குறைந்த செலவுள்ள வழியைத் தானே கணக்கிட்டுக் கொள்ளுகிறது. இக்கணக்கிற்குரிய முறையை டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

செலவு என்பது பணத்தைக் குறிப்பதன்று. அது 1 முதல் 65,535 வரையிலான ஓர் எண். செய்தி எந்த முனை வழியாக ரூட்டரை விட்டு வெளியேறுகிறதோ அந்த முனையின் செலவே கணக்கிற் சேரும். உள்ளே நுழையும் முனையின் செலவு சேராது. ஆகவே ஒரே கம்பியின் இரு முனைகளுக்கும் இரு வேறு செலவுகள் இருத்தல் கூடும். போகும் வழியும் திரும்பும் வழியும் வெவ்வேறாக அமைவதற்கு இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

பாடத்திற்காகப் பின்வரும் வலையமைப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். டில்லி, போபால், நாகபுரி, ஐதராபாத் ஆகிய நான்கு நகரங்களில் நான்கு ரூட்டர்கள் உள்ளன. டில்லியிலிருந்து போபாலுக்கு ஓர் இணைப்பும் நாகபுரிக்கு ஓர் இணைப்பும் செல்கின்றன. போபாலிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் ஐதராபாத்திற்குத் தனித்தனி இணைப்புகள் உள்ளன. நான்கும் வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுடையவை; ஒவ்வொன்றின் செலவும் 10. எனவே டில்லியிலிருந்து ஐதராபாத்திற்குப் போபால் வழியாக 10 + 10 = 20; நாகபுரி வழியாகவும் 10 + 10 = 20. இரண்டும் சமம். ஆதலால் டில்லி ரூட்டர் தன் வழிப்பட்டியலில் ஐதராபாத்திற்கு நேரே போபால், நாகபுரி ஆகிய இரண்டையும் எழுதிக்கொள்ளும்.

இவ்வாறு எழுதப்பட வேண்டியது எழுதப்படாவிடினும், எழுதப்பட்டும் செய்திகள் ஒழுங்காகச் செல்லாவிடினும், களப்பணியாளர் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டல் வேண்டும். இரு வழிகளும் பதிவேட்டில் உள்ளனவா? அவற்றின் செலவு உண்மையிற் சமமா? இரண்டும் பட்டியல்களில் ஏறியுள்ளனவா? செய்திகள் இரண்டின்மீதும் பகிர்ந்து செல்கின்றனவா? முந்திய கேள்விக்கு விடை காணாமல் பிந்திய கேள்விக்குச் செல்லுதல் வீண் உழைப்பாகும்.

முதற் கேள்வி: பதிவேட்டில் உள்ளனவா?

முதலில் அண்டை ரூட்டர்களின் நிலையைப் பார்த்தல் வேண்டும். டில்லி ரூட்டரில் போபாலும் நாகபுரியும் "ஃபுல்" என்னும் முழுநிலையில் இருத்தல் வேண்டும். ஒன்று காணப்படாவிடின் ஹலோ செய்திகள் வந்துசேரவில்லை, அல்லது அவற்றிலுள்ள விவரங்கள் ஒத்துப்போகவில்லை என்று அறியலாம். ஹலோ இடைவெளி, காத்திருக்கும் காலம், ஏரியா எண், கடவுச்சொல் ஆகியவை இருபுறமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பல இணைப்புகளில் ஹலோ இடைவெளி 10 வினாடியாகவும், காத்திருக்கும் காலம் 40 வினாடியாகவும் அமைந்திருக்கும். ஒருபுறத்தில் மட்டும் இதனை மாற்றினால் அண்டைத்தொடர்பு ஏற்படாது.

அண்டை ரூட்டர் "எக்ஸ்ஸ்டார்ட்" என்னும் நிலையிலேயே நின்றுவிடுமாயின், இருபுறத்து எம்.டி.யு. அளவுகளை ஒப்பிடுதல் வேண்டும். எம்.டி.யு. என்பது ஒரு முனை ஒரே பாக்கெட்டாக அனுப்பக்கூடிய மிகப் பெரிய அளவு. ஒருபுறம் 1,500 பைட் என்றும் மறுபுறம் 9,000 பைட் என்றும் இருப்பின், சிறிய அளவுடைய ரூட்டர் மற்றதன் பதிவேட்டுச் சுருக்கத்தை ஏற்க மறுக்கும்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதுவே பலரை ஏமாற்றுவது. அண்டை ரூட்டர் முழுநிலையில் இருக்கும். ஆயினும் அதன் வழியாக ஒரு வழியும் கணக்கில் வராது. இணைப்பின் ஒருபுறம் "இருமுனை இணைப்பு" என்றும், மறுபுறம் "ஒலிபரப்பு வலை" என்றும் அமைக்கப்பட்டிருந்தால் இவ்வாறு நேரும். இரண்டு வகைகளிலும் ஹலோ இடைவெளி ஒன்றாகவே இருப்பதால் அண்டைத்தொடர்பு உண்டாகிவிடுகிறது. ஆனால் இருவரும் தத்தம் நிலையறிக்கையில் அவ்விணைப்பை வெவ்வேறு விதமாக எழுதுகின்றனர். ஓர் இணைப்பை இருபுறத்தாரும் ஒத்துக் கூறினாலன்றி அதனைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்பது விதி. எனவே அவ்விணைப்பு பதிவேட்டிற் காணப்பட்டும் கணக்கில் இடம்பெறாது.

ரூட்டர் அடையாள எண் இரு ரூட்டர்களுக்கு ஒன்றாக அமைந்துவிட்டாலும் பதிவேடு குழம்பும். ஒன்றின் அறிக்கையை மற்றொன்று மறுத்து எழுதிக்கொண்டே இருக்கும். வழிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். ஒரு ரூட்டரின் அமைப்பை அப்படியே நகல் எடுத்து மற்றொன்றில் ஏற்றும்பொழுது இப்பிழை எளிதில் நேரும்.

இரண்டாம் கேள்வி: செலவு சமமா?

பதிவேடு சரியாக இருந்தும் ஒரே வழி தெரிவு செய்யப்படுமாயின், செலவைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். கட்டளைத் திரையை நம்புவதைவிடக் காகிதத்தில் ஒவ்வோர் இணைப்பின் செலவையும் எழுதிக் கூட்டுதல் நலம். சமம் என்பது முற்றிலும் சமமாக இருத்தலையே குறிக்கும். 20-உம் 21-உம் சமமாகா.

செலவு தாமாகக் கணக்கிடப்படும் ரூட்டர்களில், ஓர் ஒப்பளவு வேகத்தை இணைப்பின் வேகத்தால் வகுத்துச் செலவு பெறப்படுகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் பல ரூட்டர்களில் இவ்வொப்பளவு, மாற்றப்படாத நிலையில், வினாடிக்கு 100 மெகாபிட் ஆகும். 10 மெகாபிட் இணைப்புக்குச் செலவு 10. 100 மெகாபிட்டுக்கு 1. ஒன்றுக்குக் குறைந்த செலவு இல்லையாதலால் 1 கிகாபிட்டுக்கும் 1; 10 கிகாபிட்டுக்கும் 1. இதனால் வேகத்தில் பத்து மடங்கு வேறுபட்ட வழிகள் கணக்கிற் சமமாகிவிடுகின்றன.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். போபால் வழி 10 கிகாபிட், நாகபுரி வழி 1 கிகாபிட் எனக் கொள்க. மொத்தம் 3 கிகாபிட் அளவு செய்திகள் இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு வழிக்கும் 1.5 கிகாபிட் வரும். போபால் வழியில் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் நிறையும். நாகபுரி வழியிலோ, வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு இடமே இல்லை. அது தேங்கிக் கைவிடப்படும். வழிகள் இரண்டும் பழுதற்றவை, அண்டைத்தொடர்பு முழுநிலை, ஆயினும் பயனாளர் துன்புறுவர்.

இதற்குப் பரிகாரம் ஒப்பளவை உயர்த்துதல். ஒப்பளவு 1,00,000 மெகாபிட் எனக் கொண்டால் 10 கிகாபிட்டுக்கு 10-உம், 1 கிகாபிட்டுக்கு 100-உம் செலவாகும். ஆனால் இம்மாற்றத்தை எல்லா ரூட்டர்களிலும் செய்தல் இன்றியமையாதது. நான்கு இணைப்புகளும் 10 கிகாபிட்டாக இருக்க, நாகபுரி ரூட்டரில் மட்டும் மாற்றம் செய்ய மறந்துவிட்டதாகக் கொள்க. டில்லியிலிருந்து போபால் வழியாக 10 + 10 = 20; நாகபுரி வழியாக 10 + 1 = 11. உடனே எல்லாச் செய்திகளும் நாகபுரி வழியிற் குவியும்; போபால் வழி வெறுமையாகக் கிடக்கும். பழுது காணப்படுவது டில்லியில். பிழை இருப்பது நாகபுரியில். இணைப்புநிலை வலையமைப்பில், குறி தோன்றும் இடமும் நோய் உள்ள இடமும் ஒன்றாக இருக்கவேண்டுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

செலவு சமமாக இருந்தும் வழிகள் சமமாகாத நிலையும் உண்டு. ஓ.எஸ்.பி.எஃப். முறையில் வழிகள் நான்கு வகைப்படும். ஏரியாவுக்குள்ளேயே செல்லும் வழி முதலாவது. ஏரியாக்களுக்கிடையே செல்லும் வழி இரண்டாவது. வெளியிலிருந்து கொணரப்பட்ட முதல்வகை வழி மூன்றாவது. இரண்டாம் வகை வெளிவழி நான்காவது. முந்திய வகை எவ்வளவு செலவுடையதாயினும் பிந்திய வகையினும் சிறந்ததாகவே கொள்ளப்படும். போபால் இணைப்பு ஓர் ஏரியாவிலும் நாகபுரி இணைப்பு வேறோர் ஏரியாவிலும் வைக்கப்பட்டால், கூட்டுத்தொகை ஒன்றாயினும் பல்வழி அமையாமற் போகலாம்.

பராமரிப்பு வேலைக்காக ஒரு ரூட்டரை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வமயம் அந்த ரூட்டர் தன் இணைப்புகளின் செலவை 65,535 என்று அறிவிக்கும். செய்திகள் அதனைத் தவிர்த்துச் செல்லும். வேலை முடிந்தபின் அக்கட்டளையை நீக்க மறந்தால், ரூட்டர் நலமாக இயங்கியும் வழியில் இடம்பெறாது. பதிவேட்டில் 65,535 என்னும் எண்ணைக் கண்டால் இதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: பட்டியல்களில் ஏறியுள்ளனவா?

கணக்கிற் சமமாக வந்த வழிகள் அனைத்தும் பயன்படுத்தப்படும் என்பதற்கில்லை. ஒரே இடத்திற்கு எத்தனை வழிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்னும் உச்ச எண் ஒவ்வொரு ரூட்டரிலும் உண்டு. சிஸ்கோவின் பல ரூட்டர்களில் இது நெடுங்காலமாக 4 என அமைந்திருந்தது. யாரேனும் இதனை 1 என்று மாற்றியிருந்தால் பல்வழி முற்றிலும் நின்றுவிடும். எட்டு வழிகள் இருந்து உச்ச எண் 4 ஆக இருப்பின் நான்கு வழிகள் வீணாகும்.

மனிதர் கையால் எழுதிய நிலையான வழி ஒன்று அதே முகவரிக்கு இருப்பின், பெரும்பாலான ரூட்டர்கள் அதற்கே முதலிடம் தரும், ஓ.எஸ்.பி.எஃப். கண்ட இரு வழிகளும் ஒதுக்கப்படும். அவசர காலத்தில் எழுதி, பின் மறக்கப்பட்ட நிலையான வழிகள் இவ்வகைப் பழுதுக்கு இடமாகின்றன.

மேலும், ரூட்டரில் இரு பட்டியல்கள் உள்ளன என்பதை மறத்தலாகாது. வழிப்பட்டியல் என்பது கணக்கின் முடிவைக் காட்டுவது. செலுத்துப் பட்டியல் என்பது பாக்கெட்டுகளை உண்மையில் அனுப்பும் உறுப்பு பயன்படுத்துவது. முன்னதில் இரு வழிகள் இருந்தும் பின்னதில் ஒன்றே இருத்தல் கூடும். ஜூனிப்பர் நிறுவனத்தின் பல ரூட்டர்களில், தனியே ஒரு விதி எழுதினாலன்றிச் செலுத்துப் பட்டியலில் ஒரு வழியே ஏறும். எனவே வழிப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு கூறுதல் கூடாது.

நான்காம் கேள்வி: பகிர்ந்து செல்கின்றனவா?

சமச் செலவு என்பது சமப் பங்கு அன்று. இவ்வொரு வாக்கியத்தை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதி ஐயங்கள் தீரும்.

பாக்கெட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக இரு வழிகளிலும் அனுப்பினால் பங்கு சமமாகும். ஆனால் ஒரு வழி சற்று விரைவாகவும் மற்றது சற்றுத் தாமதமாகவும் இருப்பின், ஒரே செய்தியின் பகுதிகள் வரிசை மாறிச் சேரும், டி.சி.பி. நெறிமுறை அதனைப் பாக்கெட் இழப்பெனக் கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதனைத் தவிர்க்க, ஒரு தொடர்பைச் சேர்ந்த பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே வழியில் அனுப்பப்படுகின்றன. அத்தொடர்பு ஓட்டம் எனப்படும். அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, நெறிமுறை எண், அனுப்புவோர் போர்ட் எண், பெறுவோர் போர்ட் எண் ஆகிய ஐந்தையும் ஹாஷ் என்னும் கணக்கிற்கு உட்படுத்தி, வரும் விடையைக் கொண்டு வழி தெரிவு செய்யப்படுகிறது. ஐந்தும் மாறாத வரை வழியும் மாறாது.

ஓட்டங்களின் எண்ணிக்கை குறைவாயின் பங்கு ஏறுமாறாக அமையும். எட்டு ஓட்டங்கள் இரு வழிகளில் பிரியும்பொழுது, நான்கு நான்காக அமையும் வாய்ப்பு 256-இல் 70, அதாவது நூற்றுக்கு 27 அளவே. ஆறுக்கு இரண்டு அல்லது அதனினும் மோசமாக அமையும் வாய்ப்பு 256-இல் 74, அதாவது நூற்றுக்கு 29. ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பின் பங்கு ஏறக்குறையச் சமமாகும். எண்ணிக்கை சமமாயினும், ஒரே ஓர் ஓட்டம் மிகப் பெரிய கோப்பை ஏற்றிச் சென்றால் அதன் வழியே நிறையும். சமமற்ற பங்கு எல்லாவிடத்தும் பழுதன்று.

உண்மையான பகிர்வுக் குறைகள் மூன்று. முதலாவது, ஹாஷ் கணக்கிற்குப் போர்ட் எண்களைச் சேர்க்காமை. லினக்ஸ் இயங்குதளத்தை ரூட்டராகப் பயன்படுத்துவோர், மாற்றப்படாத அமைப்பில் முகவரிகள் மட்டுமே கணக்கிற் சேரும் என்பதை அறிதல் வேண்டும். இரு கணிப்பொறிகளுக்கிடையே எத்தனை தொடர்புகள் இருப்பினும் அவை ஒரே வழியிற் செல்லும். இரண்டாவது, சுரங்கவழித் தொடர்பு. பல பயனாளரின் செய்திகளை ஒரே உறையுள் இட்டு அனுப்பும்பொழுது, இடையிலுள்ள ரூட்டருக்கு வெளியுறையின் முகவரியே தெரியும். ஆகவே அனைத்தும் ஓர் ஓட்டமாகவே எண்ணப்படும். மூன்றாவது, ஒருமுகப்படுதல். அடுத்தடுத்த இரு ரூட்டர்கள் ஒரே ஹாஷ் கணக்கை ஒரே தொடக்க எண்ணுடன் செய்தால், முதல் ரூட்டர் இடப்புறம் அனுப்பிய ஓட்டங்கள் அனைத்தையும் இரண்டாவது ரூட்டரும் இடப்புறமே அனுப்பும். ரூட்டர்தோறும் வெவ்வேறு தொடக்க எண் கொடுத்தலே இதற்குப் பரிகாரம்.

மறைந்து நிற்கும் பழுது

மேற்கூறிய நான்கு கேள்விகளுக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்தும் முறையீடு தொடருமாயின், வழிகளுள் ஒன்று உள்ளூரப் பழுதுபட்டிருத்தல் வேண்டும். இதனை முன்கூறிய எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கலாம். ஐதராபாத்திலுள்ள ஒரு மருத்துவமனையினர் டில்லியிலுள்ள களஞ்சியத்திலிருந்து நோயாளியின் ஊடுகதிர்ப் படங்களைப் பெறுகின்றனர் எனக் கொள்க. சில படங்கள் உடனே வருகின்றன; சில தொடங்கி அப்படியே நின்றுவிடுகின்றன. மீண்டும் முயன்றால் ஒருவேளை வரும், ஒருவேளை வராது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிங் செய்தால் நூற்றுக்கு நூறு விடை கிடைக்கிறது.

நாகபுரி–ஐதராபாத் இணைப்பை ஏந்திச்செல்லும் இடைநிலைச் சாதனம் ஒன்று மாற்றப்பட்டு, 1,400 பைட்டுக்கு மேற்பட்ட பாக்கெட்டுகளை அது ஓசையின்றிக் கைவிடுகிறது என்பதே இங்குள்ள பழுது. ஹலோ செய்திகள் சிறியவை. அவை தடையின்றிச் செல்வதால் அண்டைத்தொடர்பு முழுநிலையிலேயே நிற்கிறது. இரு ரூட்டர்களின் எம்.டி.யு. அளவும் 1,500 என ஒத்திருப்பதால் அவற்றுக்கும் ஐயம் எழவில்லை. படம் வேண்டும் என்னும் சிறிய கோரிக்கை சென்றுவிடுகிறது. படத்தைச் சுமந்துவரும் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் மறைகின்றன. ஒவ்வொரு புதிய தொடர்புக்கும் போர்ட் எண் மாறுவதால், ஒரு முறை போபால் வழியும் மறு முறை நாகபுரி வழியும் வாய்க்கின்றன.

பிங் ஏன் ஏமாற்றியது? அதற்குப் போர்ட் எண் இல்லை. ஒரே முகவரியிலிருந்து ஒரே முகவரிக்குச் செய்யப்படும் பிங், பெரும்பாலும் ஒரே வழியிலேயே செல்லும். ஆயிரம் முறை செய்தாலும் சோதிக்கப்பட்டது ஒரு வழியே. அன்றியும் வழக்கமான பிங் பாக்கெட் மிகச் சிறியது. நாகபுரி வழியிற் சென்றிருந்தாலும் அது தடைபட்டிராது.

டிரேஸ்ரூட் சோதனையிலும் எச்சரிக்கை தேவை. பழைய முறை டிரேஸ்ரூட் ஒவ்வொரு சோதனைப் பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணை மாற்றுகிறது. ஆகவே முதற் படி ஒரு வழியிலும் அடுத்த படி மற்றொரு வழியிலும் விழுந்து, உலகில் இல்லாத ஒரு வழியைத் திரையிற் காட்டும். இக்குறையை நீக்க 2006-ஆம் ஆண்டில் பாரிஸ் டிரேஸ்ரூட் என்னும் முறை வெளியிடப்பட்டது. அது ஓட்டத்தின் அடையாளங்களை மாற்றாமல் வைத்து உண்மை வழியைக் காட்டும்.

இத்தகைய பழுதைக் காணும் முறை பின்வருமாறு:

1. டில்லி ரூட்டருக்குப் பின்னாலுள்ள ஒரு கணிப்பொறியிலிருந்து சோதித்தல் வேண்டும். ரூட்டர் தானே உண்டாக்கும் பாக்கெட்டுகள், கடந்துசெல்லும் பாக்கெட்டுகளைப் போலவே நடத்தப்படும் என்பதற்கில்லை.

2. அனுப்புவோர் போர்ட் எண்ணை மாற்றி மாற்றிக் குறைந்தது இருபது தொடர்புகளையேனும் ஏற்படுத்தி, ஒவ்வொன்றிலும் பெரிய கோப்பொன்றைப் பெற்றுப் பார்த்து, எந்த எண்ணுக்கு வெற்றி, எந்த எண்ணுக்குத் தோல்வி என அட்டவணை எழுதுதல் வேண்டும். ஒரே எண் திரும்பத் திரும்பத் தோல்வியுற்றால் பழுது ஒரு வழியைச் சார்ந்தது என்பது உறுதி.

3. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே அதன் எதிர்முனை முகவரிக்குப் பெரிய பிங் அனுப்பிச் சோதித்தல் வேண்டும். துண்டாக்கலாகாது என்னும் குறியுடன் 1,472 பைட் தரவு வைத்தால், தலைப்புகள் 28 பைட் சேர்ந்து 1,500 ஆகும். போபால் இணைப்பில் விடை வந்து நாகபுரி இணைப்பில் வராவிடின் பழுது வெளிப்பட்டுவிட்டது.

4. ஒவ்வொரு முனையிலும் பிழைக் கணக்கு ஏறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி குன்றினால் சிறிய பாக்கெட்டுகள் தப்பிப் பெரியவை சிதையக்கூடும்.

பழுதுற்ற இணைப்பை உடனே அறுத்துவிடாமல், அதன் இருபுறத்துச் செலவையும் 10-இலிருந்து 100 ஆக உயர்த்துதல் நலம். அப்பொழுது நாகபுரி வழியின் கூட்டுத்தொகை 110 ஆகும்; செய்திகள் அனைத்தும் 20 செலவுள்ள போபால் வழிக்கு மாறும். நாகபுரிப் பயனாளர் ஐதராபாத்தை அடைய டில்லியும் போபாலும் வழியாக 30 செலவில் செல்வர். பழுதுற்ற இணைப்பு பயனாளரின்றி நிற்பதால் அமைதியாகச் சோதிக்கலாம். ஆயின் முழுச் சுமையையும் போபால் வழி தாங்குமா என்று முன்னரே கணக்கிட்டுக்கொள்ளுதல் கடமை. செலவை ஒருபுறம் மட்டும் உயர்த்தினால் எதிர்த் திசைச் செய்திகள் பழுதுற்ற வழியிலேயே தொடரும் என்பதும் நினைவிருத்தல் வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் சாதனம் ஏதுமின்றி நடத்திக் காட்டலாம். எட்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு நாணயம் கொடுத்துச் சுண்டச் செய்து, தலை விழுந்தவர் போபால் வழி, பூ விழுந்தவர் நாகபுரி வழி எனக் கரும்பலகையில் எழுதலாம். பத்து முறை செய்தால், சமப் பங்கு எவ்வளவு அரிது என்பது மாணவருக்கு விளங்கும். பின்னர் நாகபுரி வழி கெட்டதென அறிவித்து, ஒரே ஒரு மாணவரின் விடையைக் கொண்டு வலையமைப்பு நலமா என முடிவு செய்யச் சொல்லலாம். பிங் சோதனையின் குறை அவர்களுக்குத் தாமாகவே புலப்படும். கணிப்பொறி வசதி உள்ள இடங்களில், எஃப்.ஆர்.ரூட்டிங் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஒரே லினக்ஸ் கணிப்பொறிக்குள் நான்கு ரூட்டர்களை அமைத்து, செலவுகளை மாற்றி விளைவைக் காணலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஒப்பளவு எல்லா ரூட்டர்களிலும் 1,00,000 மெகாபிட். டில்லி–போபால் 10 கிகாபிட், போபால்–ஐதராபாத் 1 கிகாபிட், டில்லி–நாகபுரி 1 கிகாபிட், நாகபுரி–ஐதராபாத் 10 கிகாபிட். இரு வழிகளும் சமமா? (விடை: 10 + 100 = 110; 100 + 10 = 110; சமம்.)

2. அண்டை ரூட்டர் முழுநிலையில் உள்ளது. ஆயினும் அதன் வழி கணக்கில் இல்லை. முதலில் எவற்றைப் பார்த்தல் வேண்டும்? (விடை: இணைப்பின் வகை இருபுறமும் ஒன்றா என்பதையும், செலவு 65,535 என உள்ளதா என்பதையும்.)

3. பத்துப் பயனாளருள் ஐவர் முறையிடுகின்றனர். பிங் சரியாக உள்ளது. பழுது இல்லை என எழுதலாமா? (விடை: எழுதலாகாது. சோதிக்கப்பட்டது ஒரு வழியே.)

பல்வழி அமைப்பு, ஒரு வழி கெட்டாலும் பணி நில்லாதிருப்பதற்கென ஏற்பட்டது. அதே அமைப்பு, ஒரு வழி கெட்டதை மறைப்பதற்கும் இடந்தருகிறது. முறையிட வந்தவரின் சொல்லை ஒரு பிங் விடையைக் கொண்டு மறுத்துவிடாமல், ஒவ்வொரு வழியையும் தனித்தனியே சோதித்த பின்னரே "பழுது இல்லை" என்று எழுதுதல் களப்பணியாளரின் நெறியாகும்.